பனிக்கடலில் ஓர் ஓட்டை

1974 குளிர்காலம். அண்டார்க்டிக்காவின் வெடல் கடல் உறைந்து கிடக்கவேண்டிய நேரத்தில் நடுவே பெரிய ஓட்டை ஒன்று. கண்டுபிடித்தது நிம்பஸ்-5 செயற்கைக்கோள். துருவத்து இரவிலும் மேகத்துக்கு அடியிலும் பனியைப் பிரித்துக் காட்டுவது நுண்ணலைக் கருவி. சாதாரண கேமராவாக இருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. ஏறக்குறைய 250,000 சதுர கிலோமீட்டர். நம்ம தீபகற்ப மலேசியா மாதிரி இரண்டு மடங்கு! அடுத்த இரண்டு குளிர்காலங்களிலும் திறந்தது, அப்புறம் மூடிக்கொண்டது.

ஏன்? செயற்கைக்கோள் கடலின் தோலைத்தான் பார்க்கும். 1977-இல் கப்பலில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு ஆர்னால்ட் கோர்டன் உள்ளே நடந்ததைச் சொன்னார்: ஆழத்து வெதுவெதுப்பான நீர் மேலே வந்து, வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்து, குளிர்ந்து கனத்து மறுபடி கீழே இறங்கியிருக்கிறது.

2016, 2017-இல் சிறிய அளவில் மீண்டும் திறந்தபோது தானியங்கி மிதவைகளும் தலையில் கருவி ஒட்டிய யானைச்சீல்களும் அந்த வட்டாரத்து நீரை அளந்துகொண்டிருந்தன. மேல்நீரில் கூடிய உப்பும் கடும் புயல்களும் சேர்ந்து திறந்த கதவு அது என்று தெரிந்தது.

பனிப்பாறைகள் உருகி மேல்நீரின் உப்பு குறைந்தால் இந்தக் கதவு திறப்பதே அரிதாகலாம் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். அப்படியானால் ஆழ்கடலின் வெப்பம் வெளியேற ஒரு வழி குறையும். மேலிருந்து பார்த்தால் பனி மட்டும் முழுசாகத் தெரியும்.