பட்டம் திறந்த வாயில்

கல்லூரியிலே பெற்ற சிறப்பு உத்தியோகத்திற்கு எவ்வளவு தூரம் துணை செய்யும் என்னும் வினா பழமையானது. அதற்கு விடை பகரும் வரலாறுகளுள் ஒன்று சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் வாழ்க்கை.

1853ஆம் ஆண்டிற் பிறந்த அருணாசலம், பிற்காலத்தில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியிற் பயின்றார். தனக்கென ஒரு சர்வகலாசாலை இலங்கைக்கு இல்லாத காலம் அது. அருணாசலம் 1870இல் ஆங்கிலச் சர்வகலாசாலைப் புலமைப்பரிசிலை வென்று, கேம்பிறிட்ஜிலுள்ள கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்தார்.

சிவில் சேவையில் அதற்கு முன்னரும் இலங்கையர் சிலர் இருந்தனர். ஆயின் அவர்கள் நியமனத்தாற் புகுந்தவர்கள். 1875இல் திறந்த போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அருணாசலமே. ஆள்வோரின் தயவை நாடாது, கற்ற கல்வியின் வலியால் அவ்வாயில் திறந்தது.

வாயில் திறந்ததேயன்றி, உள்ளிருந்த படிகள் யாவும் திறக்கவில்லை. விடைத்தாளைத் திருத்துவோர் எழுதியவனின் நிறத்தைக் காண்பதில்லை. பதவியுயர்வு வழங்குவோர் கண்டனர். நீதித்துறையிற் பல ஊர்களிற் பணிபுரிந்த அவருக்கு, மாகாணத்தை ஆளும் அரசாங்க அதிபர் பதவி கிட்டவேயில்லை. தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அவரைப் பதிவாளர் நாயகம் பதவிக்கு உயர்த்தியபோது, சேவையில் மூத்த ஆங்கிலேய உத்தியோகத்தர் ஆட்சேபித்தனர். அவரோ கிடைத்த பதவியைத் தம் புலமையால் உயர்த்தினார். அவர் மேற்பார்வையில் நிகழ்ந்த 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, 35 இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களை எண்ணியதோடு அமையாது, அவர்தம் வரலாற்றையும் வாழ்வையும் விரித்துரைத்தது.

தமக்குத் திறந்த வாயில் பிறர்க்கும் திறத்தல் வேண்டும் என்பதே அவர் விருப்பம். இலங்கையிலேயே சர்வகலாசாலை அமைதல் வேண்டுமென 1906ஆம் ஆண்டு முதலாக இயக்கம் நடத்தினார். 1921இல் கொழும்பிலே சர்வகலாசாலைக் கல்லூரி திறக்கப்பட்டது. 1924இல் அவர் மதுரையிற் காலமானார். இலங்கைச் சர்வகலாசாலை 1942இலேயே உருவாயிற்று. பேராதனையில் மாணவர் விடுதியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பட்டம் ஒருவனை வாயில்வரை கொண்டு சேர்க்கும். உள்ளே நடத்தற்குத் திறமை வேண்டும். அத்திறமையை ஒப்புக்கொள்ளும் நேர்மை ஆள்வோரிடத்தும் வேண்டும். பின்னது குறைந்த காலத்திலும் முன்னதைத் தளரவிடாமையே அருணாசலத்தின் பெருமை.