டென் மைல் ஜங்ஷன் இலகு ரயில் நிலையம்

டென் மைல் ஜங்ஷன் (நிலையக் குறியீடு பிபி14) சிங்கப்பூரின் வடமேற்கில், புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தின் உட்லண்ட்ஸ் சாலையில் இருந்த இலகு ரயில் நிலையம். 1999 நவம்பர் 6 அன்று திறக்கப்பட்டு, 2019 ஜனவரி 13 அன்று நிரந்தரமாக மூடப்பட்டது. சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில், இலகு ரயில் கட்டமைப்பில் ஒரேயடியாக மூடப்பட்ட முதல் நிலையம் இதுவே. பயணிகள் குறைவு என்பது மூடலுக்குச் சொல்லப்பட்ட காரணம். அது உண்மைதான் என்றாலும், பயணிகள் ஏன் குறைந்தார்கள் என்பதை அது விளக்கவில்லை. நிலையம் அமைந்த இடத்தையும், தடத்தோடு அது இணைந்த விதத்தையும் பார்த்தால், பணிமனைக்கு வாகான இடத்தில் பயணிகளுக்கும் ஒரு வாசல் வைத்தது போலவே அது இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அதன் இருபது ஆண்டு வரலாற்றை இந்த அடிப்படையில் படித்தால்தான் அதன் முடிவும் புரியும்.

பெயரும் இடமும்

நகர மையத்திலிருந்து மைல்கற்களை எண்ணி ஊர்களுக்குப் பெயரிடுவது பழைய மலாயா, சிங்கப்பூர் வழக்கம். மலாய்க்காரர்கள் 'பத்து' என்று கல்லைச் சொல்லிக் கணக்கிட்டதைத் தமிழர்கள் 'கட்டை' என்று எண்ணினார்கள். பத்தாவது மைல், அதாவது சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், அப்பர் புக்கிட் தீமா சாலையும் சுவா சூ காங் சாலையும் உட்லண்ட்ஸ் சாலையும் கூடும் சந்திப்புதான் பெயருக்கு மூலம். ஒரு காலத்தில் ஊருக்கே அடையாளமாக இருந்த முச்சந்தி அது. ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் எழுந்தபோது குடியிருப்பின் மையம் சந்திப்புக்குக் கிழக்கே நகர்ந்தது. இலகு ரயில் வந்த காலத்தில் பத்தாம் கட்டையில் பெயர் தங்கியிருந்தது, மக்கள் திரள் வேறிடத்தில் இருந்தது.

தடமும் வரலாறும்

புக்கிட் பாஞ்சாங் தடம் சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் தடம். 1990-இல் பெருவிரைவு ரயில் வந்துசேர்ந்த சுவா சூ காங்கிற்கு, ரயில் எட்டாத புக்கிட் பாஞ்சாங் மக்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் வேலை. சுவா சூ காங்கிலிருந்து சவுத் வியூ, கியட் ஹோங், டெக் வாய், பீனிக்ஸ் வழியாகப் புக்கிட் பாஞ்சாங் வரை நேராக வரும் பாதை, அதன்பின் பெட்டிர், பெண்டிங், பங்கிட், ஃபஜார், செகார், ஜெலப்பாங், செஞ்சா என்று வளையமாகச் சுற்றித் திரும்புகிறது. 'ஏ' சேவையும் 'பி' சேவையும் இந்த வளையத்தை எதிரெதிர்த் திசைகளில் சுற்றின. டென் மைல் ஜங்ஷன் மட்டும் வளையத்தில் சேராமல், பணிமனைக்குப் பிரிந்து செல்லும் கிளையின் முனையில் நின்றது. அதற்கென்று 'சி' என்ற தனிச் சேவை தேவைப்பட்டது. மற்றப் பதின்மூன்று நிலையங்களும் ஒரே ஓட்டத்தில் ரயிலைப் பகிர்ந்துகொள்ள, இந்த ஒன்றுக்காகத் தனியே ரயில் ஒதுக்க வேண்டியிருந்தது.

வசதிகள்

வசதியைக் கொண்டு அளந்தால் இந்த நிலையத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. தடத்தின் மற்ற நிலையங்கள் சாலைக்கு மேல் தூண்களில் நிற்க, இது கடைத்தொகுதியும் பணிமனையும் சேர்ந்த ஒரே கட்டடத்துக்குள் இருந்தது; வெயிலும் மழையும் படாமல் கடைகளிலிருந்தே ரயிலுக்குப் போகலாம். ரயிலும் குறைவானதில்லை. ஆட்ரான்ஸ் நிறுவனம் செய்த சி801 வண்டிகள் ஓட்டுநர் இல்லாமல், ரப்பர் சக்கரங்களில் ஓடின. குடியிருப்புகளை ஒட்டிச் செல்லும்போது சன்னல் கண்ணாடிகள் தாமாகவே மங்கி, வீட்டுக்குள் இருப்பவர்களைப் பயணிகள் பார்வையிலிருந்து மறைத்தன. ஆனால் கடைத்தொகுதியைப் புதுப்பிப்பதற்காக 2010 டிசம்பரில் நிலையம் மூடப்பட்டபோது, ஏறத்தாழ ஓராண்டு அது இல்லாமலே தடம் இயங்கியது. 2011 டிசம்பர் இறுதியில் மறுபடி திறக்கப்பட்டது. கடைத்தொகுதி 'ஜங்ஷன் 10' எனப் பெயர் மாறியது. அதே வளாகத்தில் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பும் எழுந்தது. தலைக்கு மேலேயே வீடுகள் வந்த பிறகும் கூட்டம் சேரவில்லை. கடையும் வீடும் கூரையும் கூடி வந்தும் ஆள் வரவில்லை என்றால், குறையை வசதியில் தேடிப் பயனில்லை.

மூடல்

குறை இருந்த இடம் தடத்தின் அமைப்பு. பீனிக்ஸ் நிலையமும் புக்கிட் பாஞ்சாங் நிலையமும் நடக்கும் தொலைவில் இருந்தன. அங்கே இரு சேவைகளின் ரயில்களும் வந்தன. 2015 டிசம்பர் 27 அன்று டௌன்டவுன் தடம் புக்கிட் பாஞ்சாங்கை நகர மையத்தோடு நேரடியாக இணைத்தபின், நடப்பவர்கள் அந்தப் பக்கம் நடக்கவே காரணம் கூடியது. இன்னொரு பக்கம், இத்தடத்தின் வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு. 2015 வாக்கில் பழையதும் புதியதுமாக மொத்தம் 32. அவற்றில் ஒன்று கிளைப் பாதைக்குப் போனால், வளையத்தில் காத்திருப்பவர்களுக்கு ஒன்று குறையும். பழுதுகளால் பெயர் கெட்டிருந்த இத்தடத்தைப் புதுப்பிக்க 2018-இல் 344 மில்லியன் வெள்ளி ஒப்பந்தம் போடப்பட்ட சூழலில், அடுத்த ஆண்டே நிலையம் மூடப்பட்டது.

இதற்கு மறுப்புகள் உண்டு. பொதுப் போக்குவரத்தை ஆள் கணக்கில் மட்டும் எடைபோடலாமா என்பது முதல் கேள்வி. முதியவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அடுத்த நிலையம் வரை போவது சின்ன வேலையில்லை. வளாகத்தில் குடியிருந்தவர்களுக்கு இது மெய்யான இழப்புதான். எனினும் கிளைச் சேவைக்கான விலையை வளையத்தில் இருந்த முதியவர்களும்தான் காத்திருப்பாகக் கொடுத்துவந்தார்கள். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. பொங்கோலின் டெக் லீ நிலையம் கட்டி முடித்தும் திறக்காமல் கிடந்து, சுற்றுப்புறம் வளர்ந்தபின் 2024-இல் திறக்கப்பட்டது. டென் மைல் ஜங்ஷனையும் அப்படிக் காத்திருக்க விட்டிருக்கலாமே என்பது அது. ஆனால் டெக் லீ தன் தடத்தின் வளையத்தில் இருந்தது. சுற்றிலும் மக்கள் வந்தால் போதும், ரயில் ஏற்கெனவே அதைக் கடந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. டென் மைல் ஜங்ஷனுக்கோ மக்கள் வந்தாலும் ரயிலைத் தனியே திருப்பிவிட வேண்டும். அப்படியானால் தவறு வடிவமைப்பில்தானே, பயணிகள்மேல் ஏன் பழி என்று கேட்பவர்களுக்கு எதிர்ப்பதில் இல்லை. இக்கட்டுரை சொல்வதும் அதையே. பணிமனைக்கு இடம் தேடியபோது அந்த முனை சரியான தேர்வு. ஊரார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று பார்த்து நிலையம் அமைப்பதென்றால் அந்த இடம் முதலில் நினைவுக்கு வந்திருக்காது.

மூடியபின் நிலையப் பகுதியைப் பணிமனையின் பயன்பாட்டுக்கே விடுவதென முடிவாயிற்று. 'சி' சேவை ஒழிந்தது. தடத்தில் பதின்மூன்று நிலையங்கள் மிஞ்சின. ரயில்கள் இன்றும் ஓட்டம் முடிந்து அந்தக் கட்டடத்துக்குத்தான் திரும்புகின்றன, யாரையும் ஏற்றிக்கொள்ளாமல்.