தாத்தாவின் துறப்பணமும் சுஹைலி என்ற படகும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலை காட்டி நாளாச்சு. இன்னைக்கு ஒரு படகுக் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ பள்ளிக்கரணையில எங்க தெருவுக்குள்ளயே படகு வந்துச்சு. மீனவர்கள் ஓட்டிட்டு வந்த ஃபைபர் படகு. நான் பால்கனியில நின்னு வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டிருந்தேன். தண்ணி வடிஞ்ச பிறகு கீழ் வீட்டு சாமான் ரூமைத் திறந்தா, தாத்தாவோட மரப்பெட்டி சேத்துல கவிழ்ந்து கிடக்கு. உள்ளே வாச்சி, நாலஞ்சு உளி, இழைப்புளி, அப்புறம் ஒரு துறப்பணம். எல்லாம் துரு.

"பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடலாம்டா"ன்னாங்க அம்மா. நானும் தலையாட்டினேன். உண்மையைச் சொல்லிடறேன். தாத்தா செங்கல்பட்டுப் பக்கம் தச்சு ஆசாரி. காலேஜ்ல யாராவது கேட்டா, "பில்டிங் காண்ட்ராக்டர்"னு சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். அப்பாதான் ஒண்ணும் பேசாம பெட்டியைத் தூக்கி மொட்டை மாடியில காய வச்சார்.

அந்த ஃபைபர் படகு மட்டும் மனசை விட்டுப் போகல. மொட்டை மாடியில ஒரு குட்டிப் பாய்மரப் படகு நாமே கட்டினா என்னன்னு ஒரு கிறுக்கு. (சிரிக்காதீங்க.) வீட்டுல படகு கட்டினவங்க கதையாத் தேடித் தேடிப் படிச்சதுல மாட்டினதுதான் சுஹைலி.

மேட்டருக்கு வருவோம்.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 1939-ல பிறந்த ஆங்கிலேயர். 1960-களோட ஆரம்பத்துல பம்பாயை மையமா வச்சு ஓடின கப்பல்கள்ல அதிகாரியா இருந்தார். அவருக்கும் கூட வேலை பார்த்த நண்பர் ஒருத்தருக்கும் ஒரு ஆசை. சொந்தமா ஒரு பாய்மரப் படகு கட்டி, அதுலயே ஊர் சுத்திக்கிட்டு இங்கிலாந்து போய்ச் சேரணும். அப்போ அவருக்கு 24 வயசு. எனக்கு இப்போ 28, கையில இருக்கறது ஒரு ஹோம் லோன் :-)

இங்கிலாந்துல ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டு, ஒரு படகோட வரைபடம் கேட்டாங்க. வந்தது வேற ஒரு படகோட வரைபடம். ரிக்வயர்மென்ட் ஒண்ணு, டெலிவரி வேற. நம்ம துறைக்குப் புதுசா என்ன? வந்தது 'எரிக்'னு ஒரு டிசைன். அமெரிக்கர் வில்லியம் அட்கின் 1920-கள்ல வரைஞ்சது. அதுக்கும் மூலம் நார்வேயில காலின் ஆர்ச்சர் 1890-கள்ல வடிவமைச்ச உயிர்காப்புப் படகு. முன்னாலயும் பின்னாலயும் கூர், கனமான உடம்பு, நீளமான அடிக்கட்டை. புயல்ல மாட்டின மீனவர்களைத் தேடிப் போறதுக்காகவே பிறந்த வடிவம். வேகம் எதிர்பார்க்கக் கூடாது, ஆனா கவிழ்ந்தாலும் எழுந்துக்கும். திருப்பி அனுப்பி வேற வாங்க நேரமில்லாம, சரி இதையே கட்டுவோம்னு இறங்கிட்டாங்க.

1963-ல பம்பாயில வேலை ஆரம்பிச்சுது. சுமார் 32 அடி நீளம், ரெண்டு பாய்மரம், முழுக்க முழுக்க இந்தியத் தேக்கு. கட்டினவங்க உள்ளூர்த் தச்சர்கள். கரண்ட்ல ஓடற கருவியை நம்பல. வாச்சியால செதுக்கி, துறப்பணத்தால துளை போட்டு, தலைமுறை தலைமுறையா செஞ்ச முறையிலயே கட்டினாங்க.

வாச்சி, துறப்பணம். இந்த ரெண்டைப் படிச்ச இடத்துல நான் அப்படியே நின்னுட்டேன். மாடியில காஞ்சுக்கிட்டிருக்கிற பெட்டியில இருக்கற அதே சாமான்!

துறப்பணம் பார்க்காதவங்களுக்கு: ஒரு வில், அதுல ஒரு கயிறு. கயிறை ஒரு தண்டைச் சுத்தி ஒரு சுத்து விட்டிருப்பாங்க. தண்டு நுனியில கூரான அலகு. மேல ஒரு குமிழை வச்சு ஒரு கையால அழுத்திக்கிட்டு, இன்னொரு கையால வில்லை முன்னும் பின்னும் இழுத்தா தண்டு சுழலும், மரம் துளைபடும். அவ்வளவுதான் டெக்னாலஜி.

பம்பாய்க்கு இது புதுசும் இல்ல. அங்கே வாடியா குடும்பத்துப் பார்சி தச்சர்கள் தேக்குல போர்க்கப்பலே கட்டியிருக்காங்க. 1817-ல அவங்க கட்டின 'டிரிங்கோமாலி' இன்னமும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல்ல மிதக்குது. பேரு நம்ம திருகோணமலைதான்.

1964 டிசம்பர்ல படகு தண்ணியில இறங்குச்சு. முன்முனையில ஷாம்பெயின் பாட்டில் இல்ல, தேங்காய் உடைச்சாங்க. பேரு சுஹைலி. பாரசீக வளைகுடாவுல வீசற தென்கிழக்குக் காத்துக்கு அரபு மாலுமிகள் வச்ச பேர். சுஹைல்னு அவங்க சொல்றது தெற்கு வானத்து நட்சத்திரம் ஒண்ணை. அதை நாம அகத்தியர்னு சொல்லுவோம். பேர்ல கூட ஒரு ஒட்டு.

1965 டிசம்பர்ல ராபின், அவர் தம்பி, ஒரு நண்பர் மூணு பேரும் பம்பாயிலேர்ந்து கிளம்பினாங்க. அரபிக்கடல், ஆப்பிரிக்கக் கரைன்னு போய் டர்பன்ல காசு தீர்ந்து போச்சு. அங்கேயே மாசக்கணக்கா வேலை பார்த்துச் சம்பாதிச்சுட்டு, கேப்டவுன்லேர்ந்து லண்டனுக்கு 74 நாள் எங்கேயும் நிக்காம ஓட்டினாங்க.

அப்புறம்தான் பெரிய ஆட்டம். 1967-ல பிரான்சிஸ் சிசெஸ்டர் சிட்னியில மட்டும் நின்னு உலகத்தைத் தனியா சுத்தி முடிச்சார். அடுத்து எங்கேயும் நிக்காம சுத்தறது யாருன்னு போட்டி. ராபின் புதுசா ஒரு இரும்புப் படகு கட்ட ஆசைப்பட்டார். பணம் கொடுக்க ஒருத்தரும் வரல. சுஹைலியை வித்துடலாம்னு பார்த்தா அதுவும் போணியாகல. வேற வழி இல்லாம, விலை போகாத அந்தப் படகுலயே 1968 ஜூன் 14-ல ஃபால்மவுத்திலேர்ந்து தனியாக் கிளம்பினார்.

போட்டியில மொத்தம் 9 பேர். நவீன பிளைவுட் டிரைமரான்களும் இருந்துச்சு, இரும்புப் படகும் இருந்துச்சு. நம்ம ஆள் படகு கிட்டத்தட்ட மாட்டு வண்டி.

அட்லாண்டிக்ல இறங்கின கொஞ்ச நாள்லயே அடியில ஒழுகல். பலகைக்கும் பலகைக்கும் நடுவுல பஞ்சுத் திரி அடைக்கறதை நம்ம கரையில கலப்பத்து அடிக்கறதும்பாங்க. அது பிரிஞ்சிருந்தது. மனுஷன் கடல்ல குதிச்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, தண்ணிக்கு அடியிலயே திரி அடைச்சு, மேலே துணிப்பட்டியும் செப்புத் தகடும் வச்சு அடிச்சார். நடுவுல சுத்தின ஒரு சுறாவைச் சுட வேண்டி வந்தது. தென்கடல்ல ஒரு அலை படகைச் சாய்ச்சுப் போட்டதுல கேபினே அசைஞ்சு கொடுத்தது. ரேடியோ செத்தது. ஆஸ்திரேலியா பக்கம் போறதுக்குள்ள தானியங்கிச் சுக்கானும் போச்சு. அதுக்கப்புறம் பாய்களைச் சரியா சமன் பண்ணி வச்சுட்டா படகு தானாவே திசை பிடிச்சுப் போகும்னு அதை நம்பியே ஓட்டினார். அந்த நீளமான அடிக்கட்டை இங்கேதான் கைகொடுத்தது.

நியூசிலாந்தைத் தாண்டினப்புறம் மாசக்கணக்கா தகவலே இல்ல. 1969 ஏப்ரல்ல அசோர்ஸ் பக்கம் ஒரு எண்ணெய்க் கப்பல் கண்ணுல பட்டார். ஏப்ரல் 22, ஃபால்மவுத். எங்கேர்ந்து வர்றீங்கன்னு கஸ்டம்ஸ்காரங்க கேட்டதுக்கு, ஃபால்மவுத்திலேர்ந்துன்னு பதில் சொன்னாராம்! 312 நாள். உலகத்தை நிக்காம தனியாச் சுத்தி வந்த முதல் ஆள்.

9 பேர்ல முடிச்சது அவர் ஒருத்தர்தான். மொய்தெஸ்ஸியே பந்தயமே வேண்டாம்னு டாஹிட்டி பக்கம் போயிட்டார். டெட்லியோட டிரைமரான் கிட்டத்தட்ட ஊர் வந்து சேர்ற நேரத்துல உடைஞ்சு முழுகுச்சு. டொனால்ட் குரோஹர்ஸ்ட், பொய்க் கணக்கு எழுதிக் கடைசியில கடல்லயே காணாம போனார். தனக்குக் கிடைச்ச 5000 பவுண்டு பரிசை அவர் குடும்பத்துக்கே கொடுத்துட்டார் ராபின்.

இந்த வரலாறை எழுதறவங்க எல்லாரும் தைரியம், விடாமுயற்சின்னு முடிச்சுடறாங்க. அது சரிதான். ஆனா எனக்குப் படறது இன்னொண்ணு. தன் கண் முன்னால கையால செதுக்கி எழுந்த படகு அது. எந்தப் பலகை எங்கே சேருதுன்னு அவருக்குத் தெரியும். அதனாலதான் நடுக்கடல்ல, தண்ணிக்கு அடியில, பார்க்காமலே கையால தடவி ரிப்பேர் பண்ண முடிஞ்சது. நான் தினமும் வேலை செய்யற கோடுல பாதி எப்படி ஓடுதுன்னு எனக்கே தெரியாது.

இன்னொரு விஷயம். நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு 1995-ல சர் பட்டம் கிடைச்சது. நல்லது, தகுதியான ஆள். ஆனா பம்பாயில வில்லை இழுத்து இழுத்துத் துளை போட்ட அந்தத் தச்சர்கள் பேரை எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம பக்கமும் இதே கதைதான். யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில வேப்பமரத்துல கட்டின 'அன்னபூரணி' 1938 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட குளோஸ்டர் துறைமுகத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஓட்டிட்டுப் போனதுல வல்வெட்டித்துறைத் தமிழர்கள் உண்டு. ஆனா அங்கே போய் நின்னப்போ கப்பல் பேரே 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்'. வாங்கின அமெரிக்கர் மாத்தி வச்சது.

சுஹைலியை 1990-கள்ல லண்டன் கிரீனிச் மியூசியத்துல கொண்டு போய் வச்சாங்க. ஈரப்பதம் கட்டுப்படுத்தின அறை. அங்கே பலகையெல்லாம் காஞ்சு சுருங்க ஆரம்பிச்சுது. ராபின் 2002-ல வெளியே எடுத்துட்டு வந்து தானே பழுது பார்த்து மறுபடி தண்ணியில விட்டார். புயல் கொல்லாத படகை ஏசி கொல்லப் பார்த்திருக்கு :-)

2017-ல கோவாவுல சுஹைலி மாதிரியே ஒரு படகு கட்டினாங்க, பேரு 'துரியா'. கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி அதுல 2018 கோல்டன் குளோப் பந்தயத்துக்குப் போனார். செப்டம்பர்ல தென்னிந்தியப் பெருங்கடல் புயல்ல பாய்மரம் ஒடிஞ்சு, அவருக்கு முதுகெலும்புல அடி. ஒரு பிரெஞ்சுக் கப்பல்தான் காப்பாத்துச்சு. படகைக் கடல்லயே விட வேண்டியதாப் போச்சு. நல்லாக் கட்டினா எல்லாம் தப்பிக்கும்னு கடல் எழுதிக் கொடுக்கறதில்ல. அதே மனுஷன் அடுத்த பந்தயத்துல வேற படகுல போய் 2023-ல ரெண்டாவதா வந்தார்.

சரி, என் படகு? ஒண்ணும் கட்டல. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, அப்பா துரு எடுத்து எண்ணெய் போட்டு வச்சிருந்த துறப்பணத்துக்குப் புதுக் கயிறு கட்டி, ஒரு பழைய தேக்குக் கதவுத் துண்டுல துளை போட்டுப் பார்த்தேன். கயிறு நழுவுது, அலகு கோணுது, தோள்பட்டை கழண்டுடும் போல ஆயிடுச்சு. ஒரே ஒரு துளைக்கு இருபது நிமிஷம். அதுவும் சாய்வா. அப்பா பார்த்துட்டு, "தாத்தா பேசிக்கிட்டே போடுவார்டா"ன்னு சொல்லிட்டுக் கீழே போயிட்டார்.

பெட்டி இப்போ என் ரூம்ல இருக்கு. அதுல ரெண்டு உளிக்கு என்ன பேருன்னு அப்பாவுக்கே தெரியல. உங்க வீட்டுல தச்சு வேலை தெரிஞ்ச பெரியவங்க இருந்தா கேட்டுச் சொல்லுங்க மக்களே. ஒண்ணு வளைஞ்ச வாய், இன்னொண்ணு சுண்டுவிரல் அகலத்துக்கு நீளமா இருக்கும். பேரை எழுதி வச்சுக்கணும்.