நூல் நிலையமும் தொட்டிலும்

கைக்குக் கை தொலைபேசி வந்துவிட்ட இந்நாளில் நூல் நிலையம் எதற்கு என்று கேட்போர் பெருகி வருகின்றனர். நகரத்து வாசகர் மட்டுமன்று, செம்பனைக் குலை வெட்டும் தோழரும் மாலை வேளையில் கேட்கிற கேள்வியாகிவிட்டது இது. கேட்பதிற் குற்றமில்லை. ஆனால் கேட்பவர் தம் கையிலுள்ள கருவியைச் சற்றே உற்றுநோக்க வேண்டும். சட்டையொன்று வாங்க விரும்புகிறவர், விலை இவ்வளவு, நிறம் இன்னது, அளவு இன்னது என ஒவ்வொன்றாய்க் குறித்துக்கொண்டே போக, ஆயிரம் சட்டைகள் குறைந்து குறைந்து பத்து மட்டும் திரையில் நிற்கின்றன. ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்த்து, அம்முகங்களைச் சேர்த்து அதனைத் தேடிப் பிடிக்கும் இவ்வழியை நூல்களின் பொருட்டு முறையாக வகுத்தவர் ஒரு நூலகர். அதுவும் ஒரு தமிழர். எஸ். ஆர். இரங்கநாதன் என்னும் அப்பெரியாரைப் பற்றி நம் தோட்டப்புறங்களிற் பேசுவார் இல்லை. ஆதலால் நாம் பேசத் துணிந்தோம்.

இரங்கநாதன் 1892-ஆம் ஆண்டு சீர்காழியிற் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, பின்னர் மாநிலக் கல்லூரியிற் கணித ஆசிரியராக இருந்தார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தபோது அவருக்கு நூலகத் தொழிலிற் பயிற்சி யாதும் கிடையாது. ஆசிரியர் சம்பளம் போதாமையே அவ்வேலைக்கு மனுச் செய்யக் காரணம் என்பர். வந்து சில நாட்களுக்குள்ளேயே அவருக்குச் சலித்துப் போயிற்று. பேசுதற்கு மாணவர் இல்லை. அலமாரிகளும் தூசியுமே துணை. பழைய வேலைக்கே திரும்புகிறேன் என்று மேலோரிடம் போய் நின்றார். முதலில் இலண்டன் சென்று இத்தொழிலைக் கற்று வா, அதன் பின்னும் பிடிக்கவில்லையெனில் திரும்பலாம் என்று அனுப்பி வைத்தனர். போனவர் அங்கே நூறு நூல் நிலையங்களுக்கு மேற் பார்வையிட்டார். தொழிலாளரும், பெண்டிரும், குழந்தைகளும் தடையின்றி நுழைந்து படிக்கும் காட்சி அவர் மனத்தை மாற்றிவிட்டது.

இலண்டனில் அவர் கண்ட இன்னொரு பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். செல்ஃப்ரிட்ஜஸ் என்னும் பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பெட்டியை ஒருவர் விளக்கிக்காட்டிக்கொண்டிருந்தார். துளையிட்ட இரும்புப் பட்டைகளும், சக்கரங்களும், திருகுகளும் அடங்கிய பெட்டி அது. அதே துண்டுகளைக் கொண்டு பாலமும் கட்டலாம், வண்டியும் கட்டலாம், பாரந்தூக்கியும் கட்டலாம். இரங்கநாதனுடைய சிந்தை அங்கேயே தங்கிவிட்டது.

அக்காலத்து நூல் நிலையங்களிற் பெருவழக்காயிருந்தது, மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876-இல் வெளியிட்ட பத்துப் பகுப்பு முறை. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் அறை கட்டப்பட்டு, எண்ணும் இடப்பட்டிருக்கும். புதிய நூல் வந்தால் இருக்கும் அறைகளுள் ஒன்றில் அதனை நுழைத்தாக வேண்டும். ஜொகூரில் ரப்பர் மரத்தின் இலைநோயை ஓர் ஆண்டிற் போக்கிய விதத்தைப் பற்றி ஒரு நூல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதனைப் பயிரில் வைப்பதா, நோயில் வைப்பதா, ஜொகூரில் வைப்பதா? முன்பே கட்டிய அறைகள் போதா. மெக்கானோத் துண்டுகளைப் போற் சிறு குறிகளைக் கொடுத்து, வேண்டியபடி பூட்டிக்கொள்ளச் செய்யலாம் என்பதே இரங்கநாதனுடைய எண்ணம். பயிர் ஒரு துண்டு, உறுப்பு ஒன்று, நோய் ஒன்று, இடம் ஒன்று, காலம் ஒன்று. துண்டுக்கும் துண்டுக்கும் இடையே பூட்டாணியாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளி. ஊர் திரும்பும் கப்பலிலேயே இவ்வேலையைத் தொடங்கிவிட்டார். 1933-இல் அது கோலன் பகுப்பு முறை என்ற பெயரால் நூலாக வெளிவந்தது. இன்றைய கணிப்பொறித் தேட்டங்களில் முகம் முகமாய்ப் பிரிக்கும் பழக்கத்துக்கு அவர் ஆய்வே முன்னோடி என்று அத்துறையார் ஒப்புகின்றனர். குழந்தைகளின் விளையாட்டுப் பெட்டியொன்று இத்தனைக்கும் வித்தாயிற்று.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1931-இல், அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து வெளியிட்டார். பூட்டி வைப்பதற்கன்று, எடுத்துப் பயன்கொள்வதற்கே புத்தகம் என்பது முதலாவதன் கருத்து. எந்த மனிதருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். எந்த நூலுக்கும் உரிய மனிதர் கிடைக்க வேண்டும். படிக்க வருவோருடைய பொழுதை வீணாக்கலாகாது. நூல் நிலையம் உயிரைப்போல் வளர்ந்துகொண்டே இருப்பது என்பன மற்றவை. படிக்கும்போது இவை மிக எளியவையாய்த் தோன்றும். ஆனால் தோட்டங்களில் எத்தனை மண்டபங்களில் கண்ணாடி அலமாரிக்குள் புத்தகங்கள் பூட்டுக்குப் பின்னே நிற்கின்றன, சாவி யாரிடம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாமல்! முதல் விதியே இன்னும் நம்மை வந்தடையவில்லை. அதே 1931-இல், மன்னார்குடிப் பக்கத்திற் கனகசபைப் பிள்ளை என்னும் அன்பர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வாசகர் வாராவிடின் நூல் போக வேண்டும் என்னும் கொள்கை அது. 1948-இல் சென்னை மாகாணத்திற் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதற்கும், சொத்து வரியோடு நூலகத்துக்கென ஒரு சிறு வரி சேர்ந்ததற்கும் இரங்கநாதனுடைய இடைவிடாத முயற்சி பெருங்காரணம்.

இனி அவர் வீட்டுப் பக்கம் வருவோம். சென்னையில் இருந்த இருபதாண்டுகளும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும், விடுப்பென்பதே இன்றி உழைத்தார் என்று எழுதியிருக்கிறார்கள். தமது திருமணம் முடிந்த அன்று பிற்பகலே நூல் நிலையத்துக்குத் திரும்பிவிட்டாராம்! துணைவியார் சாரதா அம்மையார். சில ஆண்டுகள் கழித்து இவர்களுக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. அம்மகனார் யோகேஸ்வர் வளர்ந்து, தந்தையின் வரலாற்றை நூலாக எழுதினார். அது 2001-இல் வெளிவந்தது. இரங்கநாதனும் தம் முதுமையிற் சேர்த்த பொருளில் ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, நூலகக் கல்விக்குத் துணைவியார் பெயரால் ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார். பெயரை வைத்தது பெருமைதான். அந்த அம்மையார் தனித்திருந்த மாலைப் பொழுதுகளை எந்தப் பேராசிரியர் பதவி ஈடுசெய்யும் என்று கேட்கவும் நமக்கு உரிமையுண்டு. உலகத்து நூல்களுக்கெல்லாம் இடம் கண்டவர், தம் வீட்டுக்கு ஒதுக்கிய காலம் சொற்பமே என்பது எமது அபிப்பிராயம்.

இதனைச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. எம் வாழ்க்கைத் துணைவியார் இப்போது ஏழாம் மாதம். இது எங்களுக்கு முதற் குழந்தை. அரசாங்கச் சிகிச்சை நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் இளஞ்சிவப்புப் புத்தகமே அக்குழந்தையைப் பற்றிய முதற் புத்தகமாக எங்கள் மேசைமேல் இருக்கிறது. எடை, இரத்த அழுத்தம், குழந்தையின் இதயத் துடிப்பு ஆகியன அதில் மாதந்தோறும் ஏறுகின்றன. பிறக்குமுன் தொட்டிலோ துணியோ வாங்குவது ஆகாது என்பது மாமியாரின் கட்டளை. சரி, தொட்டில் வாங்கவில்லை. புத்தகம் வாங்கலாகாதென்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லையே என்று எம் துணைவியார் ஆறு படப்புத்தகங்கள் வாங்கி அடுக்கிவிட்டார். மாமியாருக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

ஆனால் எங்கள் குழந்தை முதலிற் கையில் எடுக்கப்போவது புத்தகமன்று, தொலைபேசியே என்பதை நாம் அறிவோம். சோறூட்டும் தாய்மார் நிலவைக் காட்டுவதை விட்டுத் திரையைக் காட்டுவதை நாள்தோறும் காண்கிறோம். இங்கேதான் இரங்கநாதனுடைய நான்காம் விதி நினைவுக்கு வருகிறது. நூலகர் வாசகருடைய பொழுதைக் காக்க முயன்றார். தேடியது கிடைத்ததும் வாசகர் எழுந்து போகலாம்; அதிலே நூலகருக்கு மகிழ்ச்சி. திரையை நடத்தும் கம்பெனிகளின் கணக்கோ வேறு. விளம்பரத்தால் வாழும் அவர்களுக்கு, பார்ப்பவர் எழுந்து போகாதிருப்பதே இலாபம். ஒரு பாட்டு முடியுமுன் மற்றொரு பாட்டைத் தானாகவே அனுப்புவது அன்பினாலன்று. நூலகர் கண்ட தேடும் கலையை எடுத்துக்கொண்டு, அவர் விதியை மட்டும் தலைகீழாக்கிவிட்டார்கள்.

இதனால் கணிப்பொறியை வெறுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அதனால் தமிழுக்கு விளைந்த நன்மைகள் பல. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1980-களில் முரசு அஞ்சல் என்ற மென்பொருளை ஆக்கித் தமிழைக் கணிப்பொறியில் எழுத வழி செய்தார். ஆப்பிள் கருவிகளில் நாம் காணும் தமிழ் எழுத்துருக்களிலும் அவர் கைவண்ணம் உண்டு. 1998 பொங்கல் நாளிற் சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இலவசமாக அளித்தனர். ஆங்கில வழியிற் கற்ற நாம் சங்க நூல்களின் முகத்தை முதன்முதற் கண்டது அப்பக்கங்களிலேதான். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய தமிழ் முரசு ஏடுகளைப் படமாக்கி வைத்திருக்கிறது, 1935-இல் கோ. சாரங்கபாணியார் தொடங்கிய அப்பத்திரிகையின் பழைய பக்கங்களை லாயாங் லாயாங்கிலிருந்தே வாசிக்கலாம்.

எனினும் கணிப்பொறி காட்டுவது எதனை? யாரோ ஒருவர் முன்பே காப்பாற்றி வைத்ததனை மட்டுமே. கோட்டையூரிற் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா, நூலும் நோட்டீசும் நாடக விளம்பரமுமாக ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகளைத் தம் வீட்டிற் குவித்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அதனை வாங்கியது; சென்னையில் அவர் பெயரால் நூல் நிலையம் எழுந்தது. அவர் குவித்திராவிடின் படமெடுக்க ஏது இருந்திருக்கும்? 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுட் பிரதி இல்லாதவற்றை எந்தக் கருவியும் மீட்கமாட்டாது.

நம் தோட்டங்களில் யாரும் தீ வைக்கவில்லை. கறையானும் மழையும் போதுமானவையாக இருந்தன. மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்காக இராம சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் ஏடுகளையும் தேடித் தொகுத்த பட்டியல் 1969-இல் அச்சாயிற்று. அது அரும்பணி, ஆயினும் அச்சேறியவற்றுக்கே அதில் இடம். 1924-இல் தோன்றிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோயிற்று. பத்திரிகைக்காவது பெயர் எஞ்சும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், லயங்கள் இடிபட்டபோதும், குடும்பங்கள் ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும் பெயர்ந்தபோதும், தகரப் பெட்டிகளிற் கிடந்த காகிதங்கள் எங்கே போயின?

காகிதம் இல்லாமற்போனதன் விலையை நம் மக்கள் கொடுத்திருக்கிறார்கள். 1969-இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டுமென்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கேயே பிறந்தும் பிறப்பைக் காட்டப் பத்திரமில்லாதோர் எத்தனையோ பேர். பல்லாயிரவர் கப்பலேறினர். சிவப்பு அடையாளக் கார்டுடனேயே கிழவரானோரை இன்றும் காணலாம். தோட்டத்துக் காகிதத்தில் கிராணி எழுதியதே பெயர், கிராணி எழுதியதே வயது என்றிருந்த காலம் அது. வீராயியை வீரைய்யாவாக்கிய பேனா எங்கள் தொழிலைச் சேர்ந்ததுதான்.

ஆகவே இரங்கநாதனுடைய விளையாட்டுப் பெட்டியை எங்கள் வீட்டிலே திறந்துவிட்டோம். மாமியாரிடமும் அண்டை அயலாரிடமும் உள்ள திருமண அழைப்பிதழ், பள்ளி ஆண்டுமலர், பற்றுச்சீட்டு, பிரட்டுக் களத்திற் பிடித்த படம், பாட்டியின் சிவப்பு அடையாளக் கார்டு ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, தொலைபேசியிற் படமெடுத்து, அவர்களுடையதை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கிறோம். ஒவ்வொரு படத்துக்கும் ஆள், பொருள், செயல், இடம், காலம் என ஐந்து முகங்களிற் குறி எழுதுகிறார் எம் துணைவியார். படத்தில் இருப்பவர் இன்னார் என்பதைச் சொல்ல மாமியார் ஒருவர்க்கே முடிகிறது. அவர் சொல்லச் சொல்லக் குரலையும் பதிவு செய்கிறோம். இதுவரை நூற்றுப் பதினான்கு உருப்படிகள் சேர்ந்துள்ளன. இளஞ்சிவப்புப் புத்தகத்தின் முதற்பக்கம் நூற்றுப் பதினைந்தாவது. இடம் லாயாங் லாயாங், காலம் இவ்வாண்டு என்று எழுதியாயிற்று; ஆள் என்ற முகத்துக்கு நேரே இப்போதைக்கு வெற்றிடம் விட்டிருக்கிறோம்.