புதைந்த கட்டடங்களும் நிற்காத அளவீடும்: ஹாலி ஆய்வு நிலையத்தின் வரலாறு

1957-58ஆம் ஆண்டுகளில் பல நாடுகள் இணைந்து நடத்திய சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டுக்காக, பிரிட்டனின் ராயல் சொசைட்டி அனுப்பிய குழு, 1956 ஜனவரியில் அண்டார்டிகாவின் வெடல் கடலோரத்தில் இறங்கி, வானியலறிஞர் எட்மண்ட் ஹாலியின் பெயரால் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவியது. அது நின்ற இடம் நிலமன்று. நிலத்திலிருந்து வழிந்து வந்து, அதனை விட்டு அகலாமலே கடல்மேல் மிதக்கும் தடித்த பனிப்பரப்பாகிய பனித்தட்டு.

ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் பனி ஏறும் அவ்விடத்தில், கூரைகள் விரைவிலேயே பனிமட்டத்துக்குக் கீழே போயின. மேலே சேர்ந்த பனியின் பாரம் சுவர்களை நெரித்தது. 1967, 1973, 1983 என மீண்டும் மீண்டும் புது நிலையம் கட்ட நேர்ந்தது. பாரத்தைத் தாங்குவதற்கென எஃகுக் குழாய்களுக்குள் அமைக்கப்பட்ட மூன்றாவது நிலையமும் தப்பவில்லை. பனித்தட்டோடு சேர்ந்து கடலை நோக்கி நகர்ந்து, கைவிடப்பட்டுப் பத்தாண்டு கழிந்த 1993இல், கடலோரப் பனிச்சுவரில் அது வெளியே துருத்தித் தெரிந்தது. (பனித்தட்டின்மீது எழுந்த இந்தியாவின் தட்சிண கங்கோத்ரி நிலையமும் இவ்வாறே புதைந்தது, அடுத்து வந்த மைத்ரி நிலையம் பாறைநிலத்தில் அமைக்கப்பட்டது.)

கட்டடங்கள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்தபோதும், அங்கு நடந்துவந்த ஓசோன் அளவீடு மட்டும் நிற்கவில்லை. இதற்குப் பயன்பட்ட டாப்சன் நிறமாலைமானி, சூரியனின் புற ஊதாக்கதிர்களில் ஓசோன் மிகுதியாக உறிஞ்சும் அலைநீளத்தையும் குறைவாக உறிஞ்சும் அலைநீளத்தையும் ஒப்பிட்டு, வளிமண்டலத்தில் தலைக்குமேல் உள்ள ஓசோனின் மொத்த அளவைக் காட்டுவது. குளிரால் அளவு பிறழாதிருக்க, ஹாலியில் அதற்குப் போர்வை சுற்றியிருந்தனர். நூறு டாப்சன் அலகு என்பது, ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்தில் திரட்டினால் கிடைக்கும் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள படலம். ஆரம்ப ஆண்டுகளின் அக்டோபர் மாதங்களில் 300 அலகை ஒட்டியிருந்த அளவு, 1984 அக்டோபரில் 200 அலகளவுக்கு இறங்கியிருந்தது. ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் இதனை 1985 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட, ஓசோனைச் சிதைக்கும் குளோரோஃப்ளூரோகார்பன்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை 1987இல் கையெழுத்தாயிற்று. புதைந்த நிலையங்களுள் ஏதேனும் ஒன்றோடு அளவீடும் கைவிடப்பட்டிருந்தால், 1984இன் சரிவு அங்கே பதிவாகியிருக்காது. பரபரப்பில்லாத அந்தத் தினசரி வேலையே ஹாலியின் உண்மையான சாதனை எனலாம்.

ஐந்தாவது நிலையம், பனி ஏறஏற உயர்த்தத்தக்க எஃகுக் கால்கள்மீது நின்றது. அதற்கடுத்த ஆறாவது நிலையத்தின் கால்களில் சறுக்குப் பலகைகளும் பொருத்தப்பட்டிருந்தன. பனித்தட்டில் வளர்ந்துவந்த ஒரு பிளவு அச்சுறுத்தவே, 2016-17 கோடையில் நிலையத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து 23 கிலோமீட்டர் உள்ளே இழுத்துச் சென்றனர். 2017 முதல் குளிர்காலத்தில் அங்கு ஆட்கள் தங்குவதில்லை, கருவிகள் தாமாகவே இயங்குகின்றன. 2023 ஜனவரியில் அப்பிளவு முற்றி, 1,550 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பனிப்பாறை பிரிந்து கடலிற் சென்றபோது, நிலையத்துக்குச் சேதம் எதுவும் நேரவில்லை.