பழைய சர்வர்களில் லினக்ஸ் நிறுவல் (புதுச்சேரி ஊரகம்)

தயாரிப்பு நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்ட சர்வர் கணினிகளில் லினக்ஸ் ஏற்றுவதும், ஏற்றும்போது எழும் கோளாறுகளைக் கண்டறிந்து நீக்குவதும் இக்கட்டுரையின் பொருள். பெரிய அலுவலகங்கள் கழித்துவிடும் டெல், எச்பி சர்வர்கள் பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கட்டுப்படியாகக் கூடியவை இவையே.

வரலாறு

ஊர்ப்புறத்துக்குக் கணினியைக் கொண்டுசென்றதில் வில்லியனூருக்கு முன்னோடி இடம் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியோடு 1998இல் தகவல் கிராமத் திட்டத்தை இங்கே தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே வில்லியனூர் நடுவ நிலையத்துக்கு இணையம் வந்தது. அங்கே தமிழில் தொகுக்கப்பட்ட செய்திகள் விஎச்எஃப் வானொலி மூலம் எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் அறிவு மையங்களுக்குப் போயின. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்தகடுகள் வைக்கப்பட்டன. தலித் மக்கள் உட்பட ஊரார் அனைவரும் தடையின்றி வந்துபோகக்கூடிய பொதுக் கட்டடத்தில்தான் மையம் அமைய வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. இத்திட்டத்தின் பெருமைகளில் இதுவே தலையாயது. எம்பலத்தில் கோயிலுக்குச் சொந்தமான இடத்தில் பெண்களே மையத்தை நடத்தினர். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயர முன்னறிவிப்பு, மீனவர்கள் கடலுக்குப் போகுமுன் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வருவதைச் சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, அவ்வூர் மையத்தின் ஒலிபெருக்கி ஊரையே வெளியேற்றிக் காப்பாற்றியது.

ஓரிடத்தில் வலுவான கணினி, சுற்றூர்களுக்கு அதிலிருந்து பகிர்வு என்ற அந்த அமைப்பே இன்றைக்கும் ஏற்றது. ஒரு பழைய சர்வரும் லினக்ஸும் அந்த நடுவக் கணினியின் வேலையைச் செய்யப் போதும்.

வட்டு தெரியாமை

மிக அதிகமாக வரும் கோளாறு இது. நிறுவி ஓடத் தொடங்கும், மொழியும் விசைப்பலகையும் கேட்கும், பிறகு வட்டு எதுவும் இல்லை என்று நின்றுவிடும். வட்டு பழுது என்று நினைத்துப் பலர் புதிது வாங்கிவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் வட்டுகளைத் தொகுத்து நிர்வகிக்கும் ரெய்டு அட்டையே.

டெல் பவர்எட்ஜ் ஆர்710 (2009) சர்வரில் பெர்க் 6/ஐ ரெய்டு அட்டை இருந்தால், தனி வட்டை அது நேரடியாக இயங்குதளத்துக்குக் காட்டாது. தொடக்கத்தில் கண்ட்ரோல்-ஆர் அழுத்தி உள்ளே போய், ஒவ்வொரு வட்டையும் தனித்தனி ரெய்டு-0 தொகுதியாக்க வேண்டும். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டை இந்த அட்டை முழுமையாகப் பயன்படுத்தாது. அட்டையின் மின்கலம் செத்துப்போனால் எழுதும் வேகம் படுத்துவிடும். அதை மாற்றாமல் மென்பொருளில் குறை தேடுவது வீண்.

தொகுதி அமைத்தும் வட்டு தெரியாவிட்டால் டிரைவரைப் பார்க்க வேண்டும். 'எல்எஸ்பிசிஐ -என்என்' கட்டளை அட்டையின் எண்ணை 1000:0060 என்று காட்டினால், ரெட்ஹேட் லினக்ஸ் 8 (2019) அதற்கான ஆதரவை நீக்கிவிட்டது என்று பொருள். அட்டை நலமாகவே இருக்கும். எல்ரெப்போ என்ற மென்பொருள் களஞ்சியம் தரும் டிரைவர் வட்டை நிறுவும்போதே இணைத்தால் வேலை நடக்கும். டெபியன் லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. ஊர்ப்புறச் சர்வருக்கு டெபியனே சரியான தேர்வு.

செயலியும் தடையாகலாம். ரெட்ஹேட் 9 (2022) கேட்கும் கட்டளைத் தொகுப்பு பவர்எட்ஜ் 2950இன் ஸியான் 5400 வரிசையில் இல்லை, ஆர்710இல் உண்டு. 32 பிட் கணினிக்கு நிறுவியோடு வந்த கடைசி டெபியன் 12ஆம் பதிப்பு.

பிற கோளாறுகள்

நிறுவும்போது திரை இருண்டால் தொடக்க வரியில் 'நோமோட்செட்' சேர்க்க வேண்டும். பிராட்காம் வலையட்டைக்குத் தனி ஃபர்ம்வேர் தேவை. டெபியன் 12 (2023) முதல் அது நிறுவியிலேயே வருகிறது. தாய்ப்பலகையின் சிஆர்2032 மின்கலம் தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும், மென்பொருள் களஞ்சியம் ஏற்காது. வட்டில் பழைய ரெய்டு தடயம் இருந்தால் 'வைப்எஃப்எஸ்' கொண்டு அழிக்கலாம். அழிக்குமுன் தரவை நகலெடுத்துக்கொள்வது கட்டாயம். உப்புக்காற்று படும் பாகூர்ப் பக்கத்துக் கணினிகளில் ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிற முனைகளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து மறுபடி செருகுவது முதல் வேலையாக இருக்கட்டும்.

இன்றைய நிலை

புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், பக்கத்து விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவும் இயங்கிவருகின்றன.

பழைய சர்வர் வாங்கப் போகிறவர்கள் ஒரு லைவ் யுஎஸ்பியைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே ஓட்டி, ரெய்டு அட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும்.