சீன மருத்துவமும் நாட்பட்ட வயிற்றுநோயும்

மனிதனை வருத்தும் பிணிகளுட் சில விரைந்து வந்து விரைந்து கொல்வன. வேறு சில கொல்லாது நாடோறும் வாட்டுவன. நாட்பட்ட வயிற்றுநோய் இரண்டாம் வகையைச் சார்ந்தது. உண்டபின் வயிறு பொருமல், பசியின்மை, நெஞ்செரிவு, ஓயாத மந்தம் என்பன ஒருவனின் உழைப்பையும் ஊக்கத்தையும் சிறிது சிறிதாய்க் கவர்ந்துவிடும். இத்தகைய நோய்க்கு மருத்துவ நெறியில் நடுவிடம் அளித்தோர் சீனர். அவ்விடத்தை நிலைநாட்டிய பெருமை லீ தொங்யுவான் என்னும் மருத்துவருக்கே பெரிதும் உரியது. அவரது கொள்கை அமைதியான ஆராய்ச்சிக் கூடத்திற் பிறந்ததன்று. பகைவர் முற்றுகையிட்ட ஒரு மாநகரின் பிணக்குவியல்களிடையே உருப்பெற்றது.

லீயின் காலத்துக்கு முன்னரும் சீன மருத்துவம் வயிற்றைப் புறக்கணித்ததில்லை. கிறித்துவுக்கு முந்திய இரண்டு நூற்றாண்டுகளில் பெரும்பாலும் உருவான 'மஞ்சட் பேரரசரின் அகநூல்' உடலை ஓர் அரசாகவும் உறுப்புக்களை அதன் அதிகாரிகளாகவும் உருவகித்தது. மண்ணீரலும் இரைப்பையும் அவ்வரசின் களஞ்சிய அதிகாரிகள். ஐம்பூத வகுப்பில் அவை மண்ணுக்கு உரியன. தமிழிலும் மண்ணீரல் என்னும் பெயர் மண் என்னும் சொல்லைத் தாங்கி நிற்றல் வியப்புக்குரிய ஒற்றுமை. எனினும் சீனர் குறித்த மண்ணீரல், இன்றைய உடற்கூற்று நூலார் காட்டும் உறுப்பு மட்டுமன்று. உணவைச் சாரமாக்கி உடலெங்கும் செலுத்தும் தொழில் முழுவதற்கும் அதுவே பெயராயிற்று.

ஹான் அரசமரபின் இறுதியில், கி.பி. 200ஆம் ஆண்டை அடுத்து வாழ்ந்த சாங் சொங்சிங் நோய்க்குறிகளையும் மருந்துகளையும் இணைத்து நெறிப்படுத்தினார். இருநூற்றுக்கு மேற்பட்ட தம் குலத்தாருள் மூன்றில் இரு பங்கினர் பத்தாண்டுக்குள் மாண்டதே தம்மை நூலெழுதத் தூண்டியதென அவர் தம் முன்னுரையிற் குறித்தார். தவறாகப் பேதி கொடுத்ததனால் நெஞ்சுக்குழியின் கீழே தோன்றும் வலியற்ற அடைப்புக்கு அவர் வகுத்த கசாயம் இன்றும் இரைப்பை அழற்சிக்கு வழங்குகின்றது. அதில் ஏழு சரக்குகள் சேரும். கசப்பும் குளிர்ச்சியும் உடைய ஹுவாங்லியன், ஹுவாங்ச்சின் என்னும் வேர்கள். காரமும் வெம்மையும் உடைய சுக்கும் பான்சியா என்னும் கிழங்கும். இனிப்புடைய ஜின்செங், அதிமதுரம், சீன இலந்தை. கசப்பு இறக்கும், காரம் விரிக்கும், இனிப்புத் தாங்கும். சீன மருத்துவர் கூட்டு மருந்து அமைக்கும் முறைக்கு இதுவே சிறந்த சான்று.

இம்மரபின் வழித்தோன்றலான லீ, 1180ஆம் ஆண்டில் வடசீனத்தின் செங்திங் என்னும் ஊரிற் செல்வக் குடியிற் பிறந்தார். இயற்பெயர் லீ காவ். தொங்யுவான் என்பது பின்னர் பூண்ட பெயர். இளமையில் அவரது அன்னையார் நோயுற்றார். மருத்துவர் பலர் வந்தனர். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கூறினர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மருந்து ஊட்டினர். இன்ன நோய் என்று அறியப்படாமலே அன்னை மறைந்தார். மருத்துவம் அறியாத மகனாய் நின்ற குற்றம் அவர் நெஞ்சை அறுத்தது. அக்காலத்திற் புகழ்பெற்ற சாங் யுவான்சு என்பாரிடம் பெரும்பொருள் கொடுத்து மாணாக்கராய்ச் சேர்ந்து, சில ஆண்டுகளில் ஆசிரியரின் கலை முழுவதையும் கற்றார்.

எனினும் அவர் மருத்துவத்தைப் பிழைப்பாகக் கொண்டாரல்லர். சின் அரசின் கீழ் வரித்துறையிற் பணியாற்றினார். 1202ஆம் ஆண்டில் முகமும் தலையும் வீங்கும் கொடிய தொற்றுநோய் பரவியபோது, வழக்கமான பேதி மருந்துகளால் மக்கள் இறப்பதைக் கண்டு புதிய மருந்தொன்றை அமைத்தார். அதன் குறிப்பை மரப்பலகையிற் செதுக்குவித்து மக்கள் கூடுமிடங்களில் நாட்டுவித்தார்.

அவரது வாழ்வின் பெருஞ்சோதனை 1232இல் வந்தது. இன்று கைபெங் எனப்படும் பியன்சிங் அந்நாளிற் சின் அரசின் தலைநகரம். மொங்கோலியப் படை அதனை வளைத்தது. அயலூர் மக்களும் அடைக்கலம் தேடி உட்புகுந்தமையால் நகர் நிரம்பி வழிந்தது. முதல் முற்றுகை ஏறத்தாழ அரைத்திங்களில் தளர்ந்தது. ஆனால் பகைவர் அகன்றபின்னரே சாவு பெருகிற்று. நகரின் பன்னிரண்டு வாயில்களினூடும், வாயிலொன்றுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் வரை, பிணங்கள் வெளியேறினவென்றும், மூன்று திங்கள் அளவும் அந்நிலை நீடித்ததென்றும் லீ எழுதினார். ஐம்பது நாளில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பிணங்கள் கொண்டு செல்லப்பட்டன என்று சின் அரசின் வரலாற்று நூல் கூறும். இவ்வெண்கள் ஐயத்துக்கு இடமானவையே. அழிவின் பெருமையோ ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

நகரிலிருந்த மருத்துவர் இந்நோயைப் புறத்திலிருந்து தாக்கிய குளிர்க்காய்ச்சல் என்றே கொண்டனர். சிலர் வியர்வை வருவித்தனர். சிலர் நேர்வாளம் கொடுத்துப் பேதியாக்கினர். பின்னர் நோயாளருக்கு மஞ்சள் நிறம் பரவிற்று, நெஞ்சு இறுகிற்று, மீண்டும் பேதி கொடுக்கப்பட்டது. அவ்வாறு மருந்துண்டோர் பிழைத்திலர். லீ வேறொரு வினாவை எழுப்பினார். ஒரு நகரின் இத்தனை மக்களும் ஒரே வேளையிற் குளிராற் தாக்குண்டனர் என்பது பொருந்துமோ? அவர்கள் பல நாள் பசித்திருந்தனர், வேளையறியாது உண்டனர், அஞ்சினர், அளவிறந்து உழைத்தனர். இவற்றால் இரைப்பையின் வலி குன்றியிருந்தபோது, முற்றுகை நீங்கியதும் திடீரென வயிறார உண்டனர். நோய் உள்ளே விளைந்தது என்பதே அவரது முடிவு. தொங்பிங், தையுவான், பெங்சியாங் ஆகிய நகரங்களின் முற்றுகைக்குப் பின்னும் இவ்வாறே நிகழ்ந்ததை அவர் சான்றாகக் காட்டினார்.

இக்கருத்தை அவர் உடனே உலகறியச் செய்திலர். எழுதிய ஏடு பதினாறு ஆண்டு அளவும் பயனின்றிக் கிடந்தது. நண்பரின் தூண்டுதலால் 1247இல் அகநோயையும் புறநோயையும் பிரித்தறியும் நூலாக அது முற்றுப்பெற்றது. இறந்தோரை மீட்டல் இயலாது; இனி வருவோரையேனும் தவறான மருந்தினின்று காத்தல் வேண்டும் என்பதே அந்நூலின் நோக்கம்.

அந்நூல் தரும் அடையாளங்கள் எளியவை, எவரும் நோக்கத்தக்கவை. புறநோயிற் புறங்கை மிகச் சுடும். அகநோயில் உள்ளங்கை சுடும். புறநோயிற் தலைவலி இடைவிடாது நிற்கும். அகநோயில் விட்டுவிட்டு வரும். புறநோயாளனின் நடுக்கம் போர்வைக்கும் நெருப்புக்கும் அடங்காது. அகநோயாளனுக்கு ஆடையொன்றே ஆறுதல் தரும். முன்னவனுக்கு மூக்கு அடைக்கும், குரல் உரத்திருக்கும். பின்னவனுக்கு நாவிற் சுவை தோன்றாது, பேச்சிற் சோர்வு காணும். ஒரே காய்ச்சல் என மயங்கத்தக்க இரண்டனுள் ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகும் என்பதே இவ்வேறுபாடுகளின் பயன்.

1249இல் அவர் இயற்றிய 'பிவெய் லுன்' என்னும் நூல் இக்கொள்கையை விரித்துரைத்தது. மண்ணீரலும் இரைப்பையும் பற்றிய ஆய்வு என்பது அப்பெயரின் பொருள். அக்காலப் பெரும்புலவர் யுவான் ஹாவொவென் அதற்கு முன்னுரை வழங்கினார். உணவின் சாரத்திலிருந்து எழும் உயிர்ப்பாற்றலே உடலின் முதல். இரைப்பை குன்றின் நூறு நோய் பிறக்கும் என்பது அந்நூலின் சாரம். அளவற்ற உண்டி, குளிர்ந்த உணவு, கடும் உழைப்பு, ஓயாத கவலை, சினம் ஆகியவை அதனைக் கெடுப்பன. ஆகவே நாட்பட்ட வயிற்றுநோயாளனை வினவும் மருத்துவன் வலிக்கும் இடத்தை மட்டும் வினவுதல் போதாது. அவன் வாழ்ந்த வாழ்வையும் வினவுதல் வேண்டும்.

லீ அமைத்த மருந்துகளுட் தலையாயது 'நடுவை நிரப்பி உயிர்ப்பைப் பெருக்கும் கசாயம்' எனப் பொருள்படும் பெயருடையது. ஹுவாங்ச்சி வேர் அதில் முதன்மை பெறும். ஜின்செங், வறுத்த அதிமதுரம், பைசு என்பன துணை நிற்கும். தாங்குவெய் குருதியை வளர்க்கும். தோடம்பழ இனத்தின் உலர்தோல் தேக்கத்தை நீக்கும். ஷெங்மா, சைஹு என்னும் இரு வேர்கள் தாழ்ந்த ஆற்றலை மேலே தூக்கும். எண்வகைச் சரக்கும் சிற்றளவே. வலியிழந்த வயிற்றைப் பெருமருந்தால் மேலும் வருத்துதல் ஆகாது என்பது அவர் கண்ட முறை. பேதியையும் வாந்தியையும் பெரிதும் போற்றிய சாங் சொங்செங் என்பார் அவருக்குச் சற்று முன்னரே வாழ்ந்தார் என்பதை நினையின், இக்கொள்கையின் புதுமை விளங்கும். மேலும், 'பிவெய் லுன்' மருந்தோடு முடிவதன்று. உண்ணும் முறை, உடலைப் பேணுதல், ஆசையை அடக்கல், பேச்சைக் குறைத்தல் ஆகியவற்றைக் கூறியே நிறைவுறுகின்றது.

முதுமையில் தம் கல்விக்கு உரியவனைத் தேடிய லீயிடம் லுவோ தியன்யி என்னும் இளைஞர் கொண்டுவரப்பட்டார். பொருளீட்டும் மருத்துவனாக வந்தாயோ, நெறியைப் பரப்பும் மருத்துவனாக வந்தாயோ என்று லீ வினவினார். நெறியைப் பரப்பவே என்றார் இளைஞர். அவரது உணவுக்கும் குடும்பச் செலவுக்கும் ஆசிரியரே பொருளுதவினார். 1251இல் லீ மறைந்தபின் அவரது எஞ்சிய ஏடுகளை வெளிப்படுத்தியவர் அம்மாணாக்கரே.

பின்வந்தோர் இக்கொள்கையைக் கண்மூடி ஏற்றாரல்லர். பதினெட்டாம் நூற்றாண்டின் யே தியன்ஷி, மண்ணீரல் வறட்சியை விரும்பும், இரைப்பையோ ஈரத்தை விரும்பும் என்று பகுத்தார். லீயின் வெம்மையான, மேல்தூக்கும் மருந்துகள் வறண்ட இரைப்பைக்கு ஒவ்வா எனக் கண்டு, குளிர்ச்சியும் நெய்ப்பும் உடைய மருந்துகளால் அதனை நனைத்தார். ஆசிரியரை மதித்தலும் அவர் விட்ட குறையை நிரப்பலும் ஒருங்கே நிகழ்ந்தமையாலேயே அம்மரபு உயிருடன் நின்றது. 1929இற் பழைய மருத்துவத்தை ஒழிக்கச் சீன அரசு முயன்றபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து அம்முயற்சியைத் தடுத்தது. 1956இற் பெய்சிங், சாங்காய், குவாங்சோ, செங்து ஆகிய நகரங்களில் அதனைக் கற்பிக்கும் உயர்கல்லூரிகள் தோன்றின.

புதிய அறிவியல் இக்கொள்கையைச் சில இடத்து உறுதிப்படுத்துகின்றது. சில இடத்து மறுக்கின்றது. நெடுநாட் பட்டினி கிடந்தோர் திடீரென நிரம்ப உண்டால் குருதியிலுள்ள உப்புக்களின் சமநிலை குலைந்து இறத்தல் கூடும் என்பது இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுதலை பெற்ற கைதிகளிடம் தெளிவாகக் காணப்பட்டது. லீ கண்ட காட்சியின் ஒரு பகுதியேனும் இதுவாதல் கூடும். மறுபுறத்தில், பியன்சிங் நகரைத் தாக்கியது கொடிய தொற்றுநோயே என ஐயுறும் வரலாற்றாசிரியரும் உளர். அவ்வாறாயின், தனியொருவரின் நாட்பட்ட நோய்க்குப் பொருந்தும் விளக்கத்தை ஒரு பேரழிவு முழுவதற்கும் அவர் விரித்துவிட்டார் என்றே கொள்ளல் வேண்டும்.

இதனினும் பெரிய திருத்தம் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1982இற் பேர்த் நகரில் றொபின் வாரன், பரி மார்ஷல் என்போர் இரைப்பையில் வாழும் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்னும் பற்றீரியாவை வளர்த்துக் காட்டினர். 1984இல் மார்ஷல் அக்கிருமி வளர்ந்த நீரைத் தாமே பருகி இரைப்பை அழற்சியுற்றார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கவலையாலும் உணவாலும் மட்டுமே விளைவதென நெடுங்காலம் எண்ணப்பட்ட இரைப்பைப் புண்ணுட் பெரும்பகுதி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளாற் தீர்வதாயிற்று. லீயின் பிரிவினைப்படி அகநோயாய் நின்றவற்றுட் பல, உண்மையிற் புறத்திருந்து புகுந்த உயிரியின் செயலே.

பழைய மருந்துகளும் சோதனைக்கு உட்பட்டன. தமிழ் வைத்தியரும் சீன மருத்துவரும் ஒருங்கே போற்றிய அதிமதுரம் இரைப்பைப் புண்ணை ஆற்றுவதை 1946இல் ஒல்லாந்து நாட்டு மருத்துவர் றெவேர்ஸ் எடுத்துக்காட்டினார். அதனை மிகுதியாய் உண்டோர் சிலருக்கு உடல் வீங்கியதையும் அவரே கண்டார். அதிமதுரத்தின் கூறொன்றிலிருந்து ஆக்கப்பட்ட காபெனொக்சலோன் என்னும் மருந்து 1960களில் இங்கிலாந்திற் புண்ணுக்கு வழங்கிற்று. அதுவும் குருதியழுத்தத்தை உயர்த்தியமையாற் பின்வந்த மருந்துகளுக்கு இடமளித்தது. இயற்கைச் சரக்கு என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. பழமையானது என்பதனாலேயே பயனற்றதாகியும் விடாது.

ஆகவே, மெலிவும் குருதிக்கசிவும் காட்டும் வயிற்றுநோயாளன் இக்காலத்து ஆய்வுக் கருவிகளைத் தவிர்த்துக் கசாயத்தை மட்டும் நம்பியிருத்தல், லீயின் நெறிக்கே மாறானது. அன்னையின் நோய் இன்னதென்று அறியப்படாமையே அவரை மருத்துவராக்கிற்று. நகரின் நோய் பிழைபட அறியப்பட்டமையே அவரை நூலாசிரியராக்கிற்று. நோயைப் பிரித்தறியாது மருந்து கொடுத்தல் கொலைக்கு ஒப்பாகும் என்பதே அவரது வாழ்வும் நூலும் ஒருங்கே புகட்டிய பாடம். அவர் பிரித்த எல்லைகள் சில இன்று மாறிவிட்டன. பிரித்தறிதல் வேண்டும் என்னும் கடமை மாறவில்லை.